நாலாவது ஸ்பிரிங்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

முன்சக்கரம் இழுத்து ஓடிய முதலாளியின் காரை, பின்சக்கரம் தள்ளி ஓடுகிற மாதிரி மாற்றினோம். பின்னால் எடை கூடியதும் வண்டி அங்கேயே குந்திவிட்டது. அதை நிமிர்த்திவிட்டு ஊருக்குப் போகச் சொல்லியிருந்தார். மூன்று ஸ்பிரிங் சரிப்படவில்லை. நாலாவது நான் தேடிப் பிடித்தது, கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓட்டிப் பார்த்தவர் தோளில் தட்டினார். "உன்னைத் தவிர இதை யாரும் தொடக்கூடாதுப்பா. இன்னும் ரெண்டு வண்டி வருது, லீவை அப்புறம் பார்த்துக்கலாம்."

ஒழுங்காக வேலை செய்து நானே மாட்டிக்கொண்டேன். சிரித்துக்கொள்.

ஹாரன் அடிக்கிறார். பாப்பாவைச் சுவரோடு நிறுத்தி, அவள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிப் பதில் கடிதத்தோடு வை. எண்ணாக எழுதாதே. நாள் முழுக்க வண்டியின் உயரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். நூல் என்றால் தரையில் ஊன்றிப் பிடித்து, எனக்கு எதுவரை வருகிறாள் என்று பார்த்துக்கொள்வேன்.