ரக்கியாவைத் துப்பிய கதை

அன்புள்ள ஸ்தோயங்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எனக்குப் பல்வலி வந்து போனது, பயப்படாதே. நீ கொடுத்த ரக்கியாவை வாயில் அடக்கி வைத்துத் துப்பினேன். இங்கே எங்கள் மேஸ்திரி லூபிஷா பார்த்துவிட்டான். "பிளம் சாராயத்தைத் துப்புற முதல் செர்பியன் நீதான்டா. ஊர்ல சொல்லிடாத."

மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. வியன்னா டாக்டரிடம் தனியாகப் போனேன். ஜெர்மன் மொழியிலேயே பேசிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் சம்மதத்தோடு நீ கொடுத்த சேஜ் மூலிகை இலைக் கஷாயத்தில் கொப்பளித்தேன். புண் ஆறிவிட்டது.

நேற்று அதே லூபிஷா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, புது மரியாதையோடு வந்தான். "அண்ணே, கொஞ்சம் ரக்கியா குடுங்க."

"முதல்ல டாக்டர்கிட்ட போ. அதுவரைக்கும் இத வாயில வச்சுட்டுத் துப்பு."

எல்லோர் முன்னாலும் துப்பினான்.

இலை தீர்ந்துவிட்டது. உன் தலைத்துணியில் முடிந்து அனுப்பு. துணி திரும்பி வராது, நானே வைத்துக்கொள்வேன். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் ரதோயே