மதினி திருப்பி வாசித்த கடிதம்

என் பிரியமான மதினி,

நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன், பயப்படாதே. உன் மகள் கனகாவுக்குத் திருநெல்வேலிக் காலேஜில் இடம் கிடைச்சிருக்கு. விடுதியில் தங்கிப் படிக்கணும். எங்க அண்ணன், அதான் உன் வீட்டுக்காரவுக, மூணு நாளா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் முகட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாவ. நல்ல மார்க்குதான் வாங்கியிருக்கா, ஆனா தாயில்லாப் பிள்ளைல்லா என்று ஒரே பாட்டு. நீ போய் ஏழு மாசம்தானே ஆகுது.

எனக்கு நாம ரெண்டு பேரும் கோவில்பட்டிக் காலேஜுக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. அப்போ நீ எங்க வீட்டில் தங்கிப் படிச்ச என் அத்தை மகள். அண்ணனைக் கட்டி மதினி ஆனது பின்னால். ஐப்பசி மழை விழுந்தால் பஸ் ஊருக்குள் வராது. விளாத்திகுளம் ரோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டு, கரிசல் சேறு முழங்கால் வரை அப்பிக்கிடக்க ரெண்டு மைல் நடப்போம். பஸ் வராவிட்டால் தையோடு ரெண்டு பேர் படிப்பும் நிற்கட்டும்னு எங்க அய்யா சொல்லிட்டாவ.

மழையிலும் ஊருக்குள் பஸ் விடச் சொல்லி நீ பஸ் ஆபீசுக்கு மனு எழுதினே. இங்கிலீஷில் எழுதினால்தான் ஆபீசில் மதிப்பான் என்று உனக்கு ஒரு எண்ணம். ஆனால்னு சொல்ல நான் 'பட்' போடச் சொன்னேன். அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க எழுதுறது என்று அகராதியைப் புரட்டி 'நெவர்தெலெஸ்' போட்டே. பாதை சேறு, நெவர்தெலெஸ் நாங்கள் தினமும் நடந்து கல்லூரிக்கு வருகிறோம்! அந்தப் பவுசுதான் நம்ம குடியைக் கெடுத்துச்சு. மாணவிகளின் ஊக்கத்தைப் பாராட்டுகிறோம், ஹவெவர், இப்போதைக்கு பஸ் விட இயலாது என்று பதில் வந்தது.

அய்யா வாசிக்கச் சொன்னாவ. நான் கடிதத்தை உன் பக்கம் நீட்டிட்டேன். நீ கடிதத்தை வாங்கி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டு நிதானமாச் சொன்னே:

"இப்போதைக்கு பஸ் விட முடியலையாம் மாமா. ஆனாலும் பிள்ளைங்க ஊக்கத்தை சர்க்கார் பாராட்டுதாம்."

பொய் ஒண்ணும் சொல்லலை. பின்னால் இருந்ததை முன்னால் வாசிச்சே, அவ்வளவுதான்.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டுக் கிளம்பினாவ பாரு, டீக்கடை, பருத்திக் கடை ஒண்ணு பாக்கியில்லை. சர்க்கார் பாராட்டினதை ஊரெல்லாம் சொன்ன பிறகு படிப்பை எந்த முகத்தோடு நிறுத்த? மறுநாளே மாட்டைப் பூட்டி நம்மை ரோடு வரை கொண்டுவிட வந்தாவ. சக்கரம் சேற்றில் புதைஞ்சு, நாமதான் இறங்கித் தள்ளினோம். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு.

நேற்று அண்ணனுக்குக் காப்பி கொடுத்துக்கிட்டே நானும் ஒரு கை பார்த்தேன்.

"தாயில்லாப் பிள்ளைதான் அண்ணே. ஆனா நல்ல மார்க் வாங்கியிருக்கால்லா?"

அண்ணன் டம்ளரைக் கீழே வச்சுட்டாவ. காப்பி ஆறிப்போச்சு.

"இது அவ பேச்சுல்லா," என்று கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பேனா எங்கன இருக்குன்னு கேட்டாவ.

கையெழுத்துப் போட்டதும் நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். நீ இல்லாத வீட்டிலும் உன் பேச்சுதான் செல்லுது. அங்கன உனக்கு இதெல்லாம் தெரியுதா மதினி?

திங்கட்கிழமை நானே கனகாவை ரயிலில் கூட்டிட்டுப் போய் விடுதியில் விட்டுட்டு வாரேன். மாசம் ஒரு தடவை கடம்பூர் போளியோடு போய்ப் பார்ப்பேன். யார் என்ன சொன்னாலும் அவ படிப்பு பாதியில் நிற்காது. இது என் வாக்கு.

உன் மகளுக்கு அத்தை,
உனக்கு என்றைக்கும் நாத்தனார்,
பேச்சியம்மாள்