சஹனுக்குப் பக்கத்தில் வைத்த தட்டு

1964 நவம்பர் 8, ஞாயிறு

இன்று கடையில் இருந்தவர்கள்: நான். மகன் ஹமீது. அவன் பெண்சாதி ரஹுமா. அவர்கள் மகள் ஸீனத். ஸீனத்தைக் கேட்டு அக்குறணையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் - மாப்பிள்ளையின் உம்மா ஆமினா, வாப்பா, தங்கச்சி பௌஸியா, ஆமினாவின் மதினி ஒருத்தி. மாப்பிள்ளை வரவில்லை, முறையும் இல்லை. கடைக்காரர் சாலிஹ் முதலாளி. வேறு யாரும் இல்லை.

காலையிலிருந்து மழை. மிளகு காயவில்லை. அடுப்படிக் கூரை போன கிழமை இறங்கியது, இன்னும் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் விருந்து வீட்டில் இல்லாமல் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில். சாலிஹ் முதலாளி மாடியில் பெண்களுக்கென்று திரை போட்டு அறை கட்டியிருக்கிறார். புதுச் சுண்ணாம்பு வாசம். எங்கள் வீட்டுப் பெண்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல். எனக்கு விருப்பமில்லை. யார் கேட்டார்கள்.

புறப்படும்போதே ரஹுமா தொடங்கினாள். மாமி, கையை முந்தானைக்குள்ள வச்சுக்கங்க என்றாள். என் வலது கை விரல் எல்லாம் வெள்ளை. ஹமீதின் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த வருஷம் தொடங்கியது. தோலில் நிறம் போகிறது, தொத்தாது, பயமில்லை என்று கண்டி டொக்டர் சொன்னார். அந்தக் கையால்தான் இந்த வீடு இத்தனை வருஷம் சாப்பிட்டது. முந்தானைக்குள் வைக்கவில்லை.

அறை சரியா என்று பார்க்க ஸீனத் முந்திப் போனாள். பௌஸியாவும் பின்னால் ஏறினாள். நாங்கள் மெதுவாகப் போனோம். படி செங்குத்து. முழங்கால்.

ஆண்கள் திரைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பாய் விரித்து நடுவில் சஹன். பெரிய தட்டு, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட. நாங்கள் மூன்று, அவர்கள் மூன்று. கணக்குச் சரி. கை கழுவி உட்காரப் போனேன். அப்போது பரிமாறுகிறவன் மூடி போட்ட தட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் வைத்தான்.

"பெரியம்மாவுக்கு வேறயா வைக்கச் சொன்னாங்க."

யார் சொன்னது என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டான். சம்பந்தி முன்னால் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா. வேறு தட்டு யாருக்கு வைப்பது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளிக்கு.

ஆமினா, ஏன் உம்மா, எங்களோட உட்காரல்லையா என்று கேட்டாள். ரஹுமா என் கையைப் பார்த்தாள். ஸீனத் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்தியம் என்றேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் ஐந்து பேர். என் இடம் ஓட்டைப் பல் மாதிரி.

புரியாணி நல்லது. இறைச்சி பதம். கத்தரிக்காய் மோஜுவில் சீனி கூடிப்போனது. வட்டிலப்பம் தொடவில்லை. ஆமினா நல்ல இறைச்சித் துண்டெல்லாம் ஸீனத் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். நல்ல மனுஷி. ஆனால் அடிக்கொரு தரம் என் பக்கம் பார்த்தாள். கையை இல்லை, நெஞ்சைப் பார்த்தாள். ஏனென்று விளங்கவில்லை.

9, திங்கள்

மழை விட்டது. மிளகு முற்றத்தில். கோழி ஒன்று அடை உட்கார்ந்தது.

ரஹுமாவோடு பேசவில்லை. அவள் செய்தவை: நோன்புப் பெருநாளுக்கு எனக்கு மட்டும் சாயம் போகிற சேலை. என் பாக்குவெட்டியை அவள் தம்பிக்குக் கொடுத்தது. என் சகோதரி வந்த அன்று தலைவலி என்று படுத்தது. இப்போது தட்டு. ஒன்றும் மறக்கவில்லை.

உம்மா, நான் ஒன்றும் சொல்லல்லை என்றான் ஹமீது. உன் பெண்சாதியைக் கேள் என்றேன். கேட்டான் போல. உள்ளே அவள் குரல்: "அல்லாஹ் அறிய நான் இல்லை. கையை மூடச் சொன்னேன், அவ்வளவுதான். சஹனை விட்டு எழுப்பச் சொல்வேனா?"

நம்பவில்லை.

11, புதன்

கல்யாணப் புரோக்கர் வந்தார். பிளேன்டீயும் குடிக்கவில்லை, அதிலேயே விளங்கிவிட்டது. சுற்றி வளைத்துவிட்டுச் சொன்னார்: அக்குறணைக்காரர் யோசிக்கிறார்கள். வீட்டில் மூத்தவருக்கு நெஞ்சு நோயாம், தொத்துகிற கசமாம். கசம் உள்ள வீட்டில் பெண் எடுக்கப் பயமாம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு முடிவு சொல்வார்களாம்.

எனக்கு இருமல்கூட இல்லை.

ஹமீது தலையில் கை வைத்தான். ஸீனத் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அழுகிற சத்தம். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது, எல்லாருக்கும் தெரியும். இதுவும் போனால் இனி யார் வருவார்கள். கசம் என்று ஒரு தரம் பேர் பட்டால் போதும்.

நாளைக்கு நானே போகிறேன் என்றேன். பெண்கள் போய்ப் பேசுவது முறையா என்றான் ஹமீது. கடையில் சாப்பிடப் போனது மட்டும் முறையா என்றேன். பஸ் காசை எடுத்து வைத்தான்.

12, வியாழன்

பஸ்ஸில் ரஹுமாவும் நானும். அவளுக்கு வழியில் வாந்தி. என் துவாயைக் கொடுத்தேன், கொடுக்காமல் இருக்க முடியுமா.

ஆமினா வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டாள், ஆனால் தள்ளி நின்றாள். நான் உட்காரவில்லை. வலது கையை நீட்டினேன். இதுதான் என் நோய், நெஞ்சில் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் எந்த டொக்டரிடமும் வருகிறேன் என்றேன்.

பார்த்தாள். கிட்ட வந்து விரலைப் பிடித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இதுக்கா உம்மா? என்ட சாச்சிக்கு முகமெல்லாம் இதுதான். நாங்க அவவோட ஒரே சஹன்லதான்." பிறகு குரல் இறங்கியது. "அப்ப ஏன் உங்கட பேத்தி எங்க பௌஸியாகிட்ட அப்படிச் சொன்னா? படியில வச்சு. வாப்பும்மாவுக்கு நெஞ்சு நோய், சேர்ந்து சாப்பிட மாட்டாங்க, தட்டு வேறயா வைக்கச் சொல்லியிருக்கேன் என்று."

ரஹுமாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது. முகத்தில் தெரிந்தது.

ஆமினா என்னையே பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. வாப்பும்மாவின் கைக்கு வெட்கப்பட்டு இல்லாத கசத்தைச் சொன்ன பெண்ணை யார் வீட்டுக்குள் எடுப்பார்கள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன். "புது ஆட்கள் முன்னால கையைக் காட்ட எனக்குத்தான் கூச்சம். பிள்ளை என் சொல்லைக் கேட்டது."

ஆமினா என்னைத்தான் ஏசினாள். இப்படியா பயம் காட்டுவது, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை என்று. பிறகு சோறு போட்டுக் கொண்டுவந்தாள். ஒரே தட்டு. அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், நடுவில் ரஹுமா. பருப்பும் கருவாடும். கடைச் சாப்பாட்டைவிட நல்லது. நோன்புக்கு முன்னால் நிக்காஹ் வைக்கலாம் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ரஹுமா, மாமி, ஸீனத்துக்கு நான் அடிக்கட்டுமா என்றாள். வேண்டாம், கல்யாணப் பெண் என்றேன். தட்டு விஷயத்தில் ரஹுமா மேல் குற்றம் இல்லை. சேலை, பாக்குவெட்டி, தலைவலி, அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

வாசலில் ஸீனத். சம்மதிச்சாங்களா வாப்பும்மா என்றாள். சம்மதித்தார்கள் என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீயும் அவளிடம் ஒன்றும் சொல்லாதே என்று ரஹுமாவிடம் சொல்லி வைத்தேன்.

ஸீனத்துக்குப் பல் முளைத்த நாளிலிருந்து இந்த விரலால்தான் ஊட்டினேன். அப்போதே வெள்ளை.

மிளகு விற்றுப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பேன். துஆ கேட்பேன். பிள்ளை பிறந்தால் போய்ப் பார்ப்பேன். எல்லாம் முறைப்படி செய்வேன்.

மன்னிக்க மாட்டேன், ஸீனத்தை.