கருகிய புருவமும் பழைய அஞ்சறைப் பெட்டியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை ஒழுங்காகப் போடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. போட்டோ கேட்டாயே, இப்போது அனுப்பமாட்டேன். இடது புருவம் கொஞ்சம் கருகிவிட்டது. பதறாதே, முடிதானே, முளைக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் இருப்பது ஒரே தட்டு. இரண்டு பைக்கின் கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவி, எல்லாவற்றையும் அதிலேயே போடச் சொன்னார் முதலாளி. பெட்ரோல் வரும் ஜெட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளைதான் வேறு. சின்ன வண்டியின் ஜெட் பெரிய வண்டிக்குள் போய்விட்டது. ஸ்டார்ட் செய்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வண்டி ஒரு தும்மல் போட்டது. கார்புரேட்டர் வாயிலிருந்து தீ வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போனது.

முதலாளி, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? போய் பில் போடுற டேபிள்ல உக்காரு" என்றார்.

"புருவம்தான் சார் போச்சு, கை அப்படியேதான் இருக்கு" என்றேன். இரண்டையும் மறுபடி பிரித்து மாட்டினேன். இரண்டும் ஒரே உதையில் கிளம்பின.

நீயும் "வந்துடு"ன்னு ஆரம்பிக்காதே. வரமாட்டேன்.

அஞ்சறைப் பெட்டியை மட்டும் அனுப்பு. வண்டிக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தால் எதுவும் கலக்காது. என் கல்யாணத்துக்கென்று பரணில் வைத்திருக்கிறாயே, அந்தப் புதுசு வேண்டாம். அதில் நீ கடுகு, சீரகம் போட்டுக்கொள். தினமும் நீ கை விடுகிற பழையதுதான் எனக்கு வேண்டும்.

ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்

பி.கு.: பெட்டியைக் கழுவாமல் அப்படியே அனுப்பு. கொஞ்ச நாள் அந்த வாசனை போகாமல் மூடி வைத்திருந்துவிட்டு நானே கழுவிக்கொள்கிறேன்.