வேறு எங்கோ திறந்திருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் திரையின் ஓரத்தில், அதே இடத்தில், 'நாங்கள்' என்ற ஃபோல்டர். உள்ளே கல்யாணப் படங்கள், போய்வந்த ஊர்கள், அவர் அனுப்பிய குரல் பதிவுகள். ஒரே ஒரு படத்தையாவது அழிக்கலாம் என்று போனால், 'இந்தக் கோப்பு வேறு எங்கோ திறந்திருக்கிறது' என்கிறது.

வேறு எங்கே? இது அக்கா வீட்டு மாடி அறை. நானும் லேப்டாப்பும் மட்டும்தான் இருக்கிறோம்.

அவரை விட்டு வந்தபோது கொண்டுவந்தது இரண்டு பை துணியும் இந்த லேப்டாப்பும். அதுவும் அவர் வாங்கித் தந்தது. தூக்கிப் போடவும் முடியாது. இன்ஜினியர் ஆபீசுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது இதில்தான்.

மார்ச் 5

அழித்தேன். வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "வைரஸா இருக்கும். என் போனுக்கும் வந்துச்சு, ஒரு தட்டு தட்டினேன், ஓடியே போச்சு" என்றார். அக்கா, "அந்தப் பக்கமே பாக்காம வேலையைப் பாரேன்டி" என்றாள்.

பார்க்காமல்தான் இருக்கிறேன். அது என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே.

வாடகைக்குப் பேசி வைத்திருந்த அறையும் கைநழுவிப் போனது. நேற்றுவரை சரி சரி என்ற வீட்டுக்கார அம்மா இன்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். "உன் வீட்டுக்காரர் பேசினாரும்மா. குடும்பச் சண்டையெல்லாம் எங்களுக்கு வேணாம்."

அந்த அறையைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான். அக்காவா? ச்சே. கூடப் பிறந்தவளையே சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

அவர் போன் செய்தார். குரலில் அதே கனிவு. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்துவிட்டு, வைக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "சமையல்கட்டுக்கு ஜன்னல் வைக்க மறந்துட்டியே. எப்பவும் போல."

எந்தச் சமையல்கட்டு என்று புரியவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். பாதி வரைந்து வைத்திருக்கும் பிளான். சமையலறைக்கு ஜன்னல் இல்லை.

அதை நான் இன்ஜினியருக்குக்கூட இன்னும் காட்டவில்லை.

மார்ச் 13, வியாழன்

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"இது மிஷின் கோளாறு இல்லக்கா. ஆளு."

"புரியலையே."

"இந்த லேப்டாப் உங்க வீட்டுக்காரரோட கணக்குலதான் ஓடுது. நீங்க எதைச் சேமிச்சாலும் அவருக்கும் ஒண்ணு போகுது. நீங்க அழிக்கறதை அவர் அங்கேருந்து திருப்பி வைக்கறார். பாருங்க, நேத்துகூட வச்சிருக்கார்."

பிளான்கள், வேலைக்கு எழுதிய விண்ணப்பங்கள், அந்த அறைக்காக நான் டைப் செய்த விலாசம், எல்லாம் அவன் வீட்டில் திறந்து கிடந்திருக்கிறது. அவன் வீட்டை விட்டு நான் வெளியே வரவே இல்லை! இத்தனை நாளும் அவன் மடியில் உட்கார்ந்துதான் பிளான் வரைந்திருக்கிறேன். பாவி. பாவி.

அந்த இணைப்பை வெட்டிவிடட்டுமா என்று டாக்டர் கேட்டாள். தலையாட்ட இருந்தவள் நிறுத்திக்கொண்டேன். முதலில் யாரிடமாவது கேட்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

அக்காவின் போனிலிருந்து வக்கீலம்மாவிடம் பேசினேன். விவாகரத்து மனுவுக்காக அக்கா ஏற்கெனவே பேசி வைத்திருந்தவர்.

"எதையும் அழிக்காதேம்மா. அவர் கை வச்சதுக்கெல்லாம் அதுலதான் தடயம் இருக்கு. நகல் எடுக்க ஆள் வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இரு."

ஒன்றும் தெரியாத மாதிரி! சொல்வது சுலபம். நல்லவேளை, இதை நோட்டில் எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

கோடு போடும்போதெல்லாம் கை கூசுகிறது. ஒரு கதவை வரைந்து அழித்தேன். அதையும் பார்த்திருப்பான். கேமரா மேல் பொட்டு ஒட்டலாமா என்று நினைத்தேன். ஒட்டினால் தெரிந்துவிடும். வேலை முடிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவளையா சந்தேகப்பட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வக்கீலம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். சிரித்துவிட்டார். "வரட்டுமே. காபி போட்டு வைக்கறேன்."

'புது அறை' என்று ஒரு கோப்பு. அதில் ஒரு விலாசம், வியாழன் காலையில் குடிபோகிறேன் என்று ஒரு வரி. சேமித்தேன்.

மார்ச் 20, வியாழன்

வந்தான். மாடிப்படி ஏறி, மணி அடித்து, கதவு திறப்பதற்குள் "என்னைக் கேக்காம எவன்டி உனக்கு வீடு குடுத்தான்?" என்று கத்தியிருக்கிறான். கதவைத் திறந்தவர் வக்கீலம்மா. உள்ளே அவருடைய ஜூனியர்கள், கட்சிக்காரர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்ததாம்.

"இந்த விலாசம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது சார்?" என்று கேட்டிருக்கிறார். வந்த படியிலேயே இறங்கிவிட்டான்.

அக்கா சிரிக்கிறாள். நான் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன். நான் அங்கே இருந்திருந்தால்?

மார்ச் 24, திங்கள்

நகல் எடுத்து முத்திரை வைத்தாகிவிட்டது. டாக்டர் அவன் கணக்கிலிருந்து லேப்டாப்பைப் பிரித்துக் கொடுத்தாள். "இனி எதை அழிச்சாலும் அழிஞ்சதுதான்க்கா" என்றாள். இன்று ஒன்றையும் தொட மனமில்லை. தூங்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

என் அறைக்கு வந்து முதல் ஞாயிறு. பக்கத்தில் தச்சுப் பட்டறை, காலையிலேயே ரம்பச் சத்தம். மாமா கட்டிலைப் பூட்டித் தருகிறேன் என்று வந்து தலைகீழாகப் பூட்டிவிட்டு, அப்படித்தான் இருக்கணும் என்று சாதித்தார்.

இன்ஜினியர் கேட்ட மூன்று மாடி பிளான் பாதிதான் ஆகியிருக்கிறது. படிக்கட்டு எங்கே வைத்தாலும் இடிக்கிறது. மத்தியானம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டல்.

டாக்டர் சார்ஜர் கொடுக்க வந்தாள். "அந்த ஃபோல்டரை அழிச்சிட்டீங்களாக்கா?"

எந்த ஃபோல்டர் என்று கேட்டுவிட்டேன்.