எகரமும் தங்கமயிலும்

ஜூலை 3, புதன். திலக் நகர், மும்பை

காலையிலிருந்து மழை. ஆய்வேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம். ஆதியில் எ, ஒ, அ என்று தனித்தனியாக இருந்த மூன்று உயிர்களும் சமஸ்கிருதத்துக்குத் தாயான இந்தோ-ஈரானியத்தில் ஒரே அகரமாகிவிட்டன. சரி, எகரம் இருந்ததற்கு என்ன சாட்சி? லத்தீனில் 'க்வெ'. சமஸ்கிருதத்தில் 'ச'. இரண்டுக்கும் நம் 'உம்'தான் பொருள். பக்கத்திலிருந்த ககரத்தைச் சகரமாக்கிவிட்டுத்தான் எகரம் தானும் அகரமாயிருக்கிறது. அடடா! ரிடையரான பிறகு தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறவன், தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் தோன்றியது, வீட்டில் தங்கமயிலைக் காணோமே என்று.

நாலு மணிக்கு நனைந்து வந்தாள், கையில் ஆஸ்பத்திரி கவரோடு. "தலவலிக்கு டாக்டர்ட்ட போவணும், கூட வாங்கன்னு மூணு நாளா சொன்னேம்லா. நீங்களும் 'ம்'னு சொன்னியளே."

சொல்லியிருப்பேன். என்ன கேட்டாள் என்று மண்டையில் ஏறவேயில்லை.

ஜூலை 4

மகள் விஜயராணி வந்து அம்மாவைக் கல்யாணுக்குக் கூட்டிப்போய்விட்டாள். செருப்பு மாட்டும்போது தங்கமயில் சொன்னது: "நாலாயிரம் வருசத்துக்கு முந்தி செத்த எழுத்தோடயே குடும்பம் நடத்துங்க."

எனக்கும் ரோஷம். "போயேன்" என்றுவிட்டேன்.

ஜூலை 7

மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்திருக்கிறது.

ஜூலை 9

இன்று பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. பால்காரனிடம், "ஏக் லிட்டர்".

ஜூலை 11

ராணி போன் செய்தாள். "திங்கக்கிழமை மத்தியானம் அம்மாக்கு மூளை ஸ்கேன். எனக்கு லீவு கிடைக்கல. நீங்க ஆய்வேடு கொடுக்க அன்னைக்கு அஞ்சு மணிதான கடைசி? பரவால்லப்பா, அம்மா தனியா போய்க்கிடுவாளாம்."

பரவாயில்லையாம். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 14, ஞாயிறு

முடிவுரை ஒரு வரி ஓடவில்லை. உள்ளே கட்டி கிட்டி இருந்தால்? — சீ, என்ன நினைப்பு. அவள் இல்லாமல் என்னால் முடியாது. இதை ஒருநாளாவது அவளிடம் சொல்லியிருக்கிறேனா?

ஜூலை 15, திங்கள்

குர்லாவில் வண்டி மாறிக் கல்யாண் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாக இருந்தாள்.

"இன்னைக்குக் கடைசி நாள்லா? இங்க என்ன செய்யுதிய?"

"அது கெடக்கட்டும். நீ இல்லாம முடியல மயிலு."

நகர்ந்து இடம் விட்டாள்.

நாலேகாலுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். மெஷினுக்குள் உலோகம் ஆகாதாம். வளையல், தோடு, மூக்குத்தி, எல்லாம் கழற்றினாள். கடைசியில் தாலி. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பயமா இருக்கு," என்றாள்.

அவள் வெளியே வரும்வரை கையைத் திறக்கவில்லை. நடுவில் எப்போதோ ஐந்து மணி ஆகியிருந்தது.