தறிக்குழித் தண்ணீர்

ஐப்பசி 12, வியாழன்

இன்று கல்யாண மண்டபத்தில் எங்கள் மாநகராட்சியின் காலநிலைத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்டோம். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஆனால் அதை நேற்றே டைப் அடித்து வைக்கச் சொல்லிவிட்டார் அதிகாரி. ‘பொதுமக்கள் ஆட்சேபனையின்றி வரவேற்றனர்’ என்று அடித்தது நான்தான்.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள் குழி வெட்டி, அதில் கால் இறக்கித் தறி நெய்யும் லோகேஸ்வரி மைக்கை வாங்கினாள்.

“மழை பேஞ்சா தறிக்குழியில தண்ணி ஊறிக்கினே இருக்குது சார். எறைச்சா மறுபடியும் ஊறுது. பாவு நூலு ஈரமாயி தொங்கிப் போவுது. போன மழைக்கு ஒரு மாசம் தறியில உக்காரல. உங்க பிளான்ல எங்க குழிக்கு எதனா இருக்குதா?”

அதிகாரி என் பக்கம் திரும்பி, “நல்ல கருத்து, குறிச்சுக்கோங்கம்மா” என்றார். நான் பேனாவை அசைத்தேன். நோட்டில் விழுந்தது வெறும் கோடு.

டீ கொடுக்கும்போது அவள் என்னிடம் வந்தாள். “அக்கா, நான் சொன்னத எழுதிக்கினீங்களா?”

“எழுதிட்டேன்மா.”

அதன் பிறகுதான் அவள் கையிலிருந்த போண்டாவைக் கடித்தாள்.

சாயங்காலம் அதிகாரியிடம், அவள் சொன்னதை மட்டுமாவது சேர்க்கட்டுமா என்று கேட்டேன். “குறிப்புல எல்லார் கையெழுத்தும் வாங்கியாச்சு. மறுபடியும் யாரும்மா அலையறது?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் கோப்பைக் கட்டி பீரோவில் வைத்தேன்.

அவள் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். இந்த டைரியை என்னைத் தவிர யாரும் பிரிப்பதில்லை.

தூறல் போட ஆரம்பித்துவிட்டது. இந்நேரம் அவள் குழியை எட்டிப் பார்த்திருப்பாள்.